அப்பாவுக்கு வாங்கிய ட்ரெட்மில், அம்மாவுக்கு வாங்கிய சைக்கிள்

கொஞ்சம் நீண்ட இழை. டீ போட்டு வச்சுக்கிட்டு உட்காருங்க.

தீபாவளி, பொங்கல் நெருங்கினால் என் இன்பாக்ஸில் வரும் கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "டாக்டர், அப்பாவுக்கு சுகர். ட்ரெட்மில் வாங்கிக் கொடுக்கலாமா?" "பையன் நாள் பூரா போன்லயே கிடக்கான். அவனை ஓடியாட வைக்கிற மாதிரி என்ன பரிசு கொடுக்கலாம்?" "அத்தைக்கு ஸ்டெப்ஸ் எண்ணுற வாட்ச் வாங்கலாமா, எந்த கம்பெனி நல்லது?"

கம்பெனி பேரெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா இந்தப் பொருட்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டா எதை வாங்கணும், யாருக்கு வாங்கணும்னு நீங்களே முடிவு பண்ணிடுவீங்க. நான் தெரிஞ்சுக்காம வாங்கினவன். அதனால முதல்ல என் தப்பைச் சொல்லிடுறேன்.

2017 தீபாவளி. அப்பாவுக்கு அப்போ 66 வயது. டவுன் பஸ் டிரைவராக முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டி ஓய்வு பெற்றவர். ரொம்ப நாள் சர்க்கரை நோயாளி. அந்த வருஷம் நெஞ்சுவலி வந்து ஒரு ஸ்டென்ட் வைத்திருந்தோம்.

அப்பாவும் அம்மாவும் புதுக்கோட்டையில் இருக்காங்க. நான் திருச்சியில். தினமும் காலையில் ஐந்தரை மணிக்கு அப்பா வீட்டிலிருந்து கிளம்பி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் டீக்கடைக்கு நடந்து போவார். ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். அங்கே அவரோட பழைய கண்டக்டர் காத்திருப்பார். நான் சின்ன வயசிலிருந்து கண்டக்டர் மாமான்னுதான் கூப்பிடுறேன். ரெண்டு பேரும் ஒரு டீ, ஒரு பேப்பர், ஒரு மணி நேரம் ஊர் வம்பு. அப்புறம் அப்பா நடந்து வீடு திரும்புவார்.

திருச்சியில் உட்கார்ந்துகொண்டு எனக்கு இதெல்லாம் ஆபத்தாகத் தெரிந்தது. இருட்டு, தெருநாய், மணல் லாரி. அதுக்கும் மேல டீயில் சர்க்கரை, கூட ஒரு வடை. தீபாவளிக்கு ஒரு ட்ரெட்மில் வாங்கி ஹாலில் இறக்கினேன். "இனிமே நீங்க எங்கயும் போக வேண்டாம்பா. ஃபேனைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளயே நடங்க" என்றேன். பெரிய மகன், டாக்டர் வேற. அவர் மறுத்துப் பேசவில்லை.

மூன்று வாரம் நடந்தார். பிறகு அதன் கைப்பிடியில் துண்டு காய ஆரம்பித்தது. அதோட போயிருந்தால் பரவாயில்லை. டீக்கடை நடையும் நின்றுபோனது. மகன் அவ்வளவு காசு போட்டு மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கும்போது வெளியே நடக்கப் போனால் அவனை அவமதிக்கிற மாதிரி இருக்குமாம். இதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை, அம்மா சொல்லித்தான் தெரியும். எட்டு மாதம் கழித்து எச்பிஏ1சி பார்த்தேன். 7.2ல் இருந்தது 8.9 ஆகியிருந்தது. மாடிப்படி ஏறும்போது முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு ஏறினார்.

ஏம்ப்பா ட்ரெட்மில்ல நடக்கலன்னு கேட்டேன். "செவுத்தப் பாத்துக்கிட்டு எவ்வளவு நேரம்டா நடக்குறது? ஜெயில்ல போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

அப்பாவுக்கு ட்ரெட்மில்லின் வரலாறு தெரியாது. ஆனா சரியாத்தான் சொன்னார்.

ட்ரெட்மில் பிறந்த இடமே சிறைச்சாலைதான். 1818ல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், கைதிகளைச் சும்மா உட்கார விடக் கூடாது என்று ஒரு சக்கரத்தை வடிவமைத்தார். நம்ம வீட்டு மெஷின் மாதிரி தட்டையான பெல்ட் கிடையாது. அகலமான பெரிய உருளை, அதன் மேல் சுற்றிலும் படிகள். கைதிகள் வரிசையாக நின்று மேலே ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு படி ஏற வேண்டும். மிதிக்க மிதிக்க உருளை கீழ்ப்பக்கம் சுழலும். ஏறிக்கொண்டே இருக்கலாம், எங்கேயும் போய்ச் சேர முடியாது. அந்தச் சுழற்சியில் தானியம் அரைத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள். பெயரில் 'மில்' ஒட்டிக்கொண்டது அப்படித்தான். அரைக்க எதுவுமே இல்லாத சிறைகளில் சக்கரம் வெறும் காற்றை அடித்துக்கொண்டு சுற்றியது.

லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் 1821ல் வைத்த சக்கரம் பேர் போனது. பிறகு நாடு முழுக்கப் பரவியது. கைதிகள் பக்கத்தில் நிற்பவரோடு பேசிவிடக் கூடாது என்று நடுவில் பலகைத் தடுப்பு வைத்த சிறைகளும் உண்டு. அமெரிக்காவுக்கும் போனது. நியூயார்க் சிறையின் சக்கரத்தைப் பற்றி 1824ல் புத்தகம் எழுதிய ஜேம்ஸ் ஹார்டி என்பவர், கைதிகளை மிரட்டியது அதன் கடுமை இல்லை, மாறாத சலிப்புதான் என்று கண்டுகொண்டார். ஜமைக்காவில் 1834ல் அடிமை முறை பேருக்கு ஒழிந்த பிறகு, "பயிற்சித் தொழிலாளர்" என்ற புதுப் பெயரில் அதே தோட்டங்களில் வைக்கப்பட்டிருந்த மக்களை ஏற்றி வதைத்ததும் இதே சக்கரத்தில்தான். எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு 1895ல் கடுங்காவல் தண்டனை பெற்றபோது இதில் ஏறினார். 1898ல் வந்த சிறைச் சட்டத்தோடு பிரிட்டனில் இதற்கு முடிவு கட்டினார்கள். மனிதர் தாங்கக்கூடியது இல்லை என்று.

அப்புறம் எப்படி அது நம்ம ஹாலுக்கு வந்தது? எங்க ஆட்கள் வழியாகத்தான். 1950களில் அமெரிக்காவின் சியாட்டிலில் ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவரும் வேய்ன் குவின்டன் என்ற பொறியாளரும் சேர்ந்து, மோட்டாரில் ஓடும் பெல்ட்டில் நோயாளியை நடக்க வைத்து இசிஜி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். நீங்க 'டிஎம்டி எடுத்தேன்'னு சொல்றீங்களே, அதுதான். இன்றைக்கும் மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை வேகமும் சரிவும் கூடுகிற அந்த முறைக்குப் பெயர் புரூஸ் புரோட்டகால். 1968ல் கென்னத் கூப்பர் என்ற மருத்துவர் 'ஏரோபிக்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். அதைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்ற நியூஜெர்சி பொறியாளர், வீட்டில் வைக்கிற மாதிரி விலை குறைந்த ட்ரெட்மில் இல்லையே என்று தானே ஒன்று செய்து, அதைத் தொழிலாகவும் ஆக்கிக்கொண்டார். அவர் 96 வயது வரை வாழ்ந்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ட்ரெட்மில் கெட்ட பொருள் இல்லை. தானாக ஆசைப்பட்டு ஏறுபவருக்கு அது அருமையான கருவி. அடுத்தவர் ஏற்றிவிட்டால்தான் அதோட பழைய முகம் வெளியே வருது.

சரி, நடக்கிறதுக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் இருக்குன்னு அழுத்தமாக நிரூபித்தது எது தெரியுமா? பஸ்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த காலம். மாரடைப்பு ஏன் இப்படிக் கூடுகிறது என்று பிரிட்டனில் யாருக்கும் தெரியவில்லை. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பஸ் ஊழியர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார். 35 முதல் 64 வயது வரை உள்ள சுமார் 31,000 ஆண்கள். டிரைவர், கண்டக்டர் ரெண்டு பேருக்கும் ஒரே பஸ், ஒரே புகை, ஏறக்குறைய ஒரே மாதிரி குடும்பம். வித்தியாசம் ஒன்றுதான். டிரைவர் நாள் பூரா உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் அந்த மாடி பஸ்ஸில் ஏறி இறங்குகிறார், ஒரு நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு படி. கண்டக்டர்களுக்கு இதய நோய் கணிசமாகக் குறைவு. வந்தாலும் தாமதமாக வந்தது, முதல் தாக்குதலிலேயே சாவதும் குறைவு. 1953ல் லான்செட் இதழில் வெளியானது. பலர் நம்பவில்லை. மாரிஸ் விடாமல் தபால்காரர்களையும், அதே இலாகாவில் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களையும் ஒப்பிட்டார். அங்கேயும் நடந்து தபால் கொடுத்தவர்கள் பக்கமே கணக்கு சாய்ந்தது. ஊழியர்களுக்குக் கொடுத்த சீருடை கால்சட்டையின் இடுப்பளவைக்கூட எடுத்துப் பார்த்த மனுஷன் அவர். 2009ல், 99 வயதில் இறந்தார்.

எங்க அப்பா டிரைவர். ஸ்டென்ட். கண்டக்டர் மாமா அவரைவிட ஒரு வயசு மூத்தவர், முப்பது வருஷம் கூட்டத்துக்குள்ள நீந்தி டிக்கெட் கிழிச்சவர், பிபி மாத்திரைகூடக் கிடையாது. ரெண்டு பேரை வச்சு எதையும் நிரூபிக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் செய்த காரியத்தைப் பாருங்க. கண்டக்டர் மாமாவைப் பார்க்கப் போற நடையை நிறுத்தி, அந்த டிரைவரை மறுபடி ஒரே இடத்தில் கட்டிப் போட்டேன்.

இப்போ சைக்கிள். இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போறேன்.

சைக்கிள் டயரே ஒரு அப்பா மகனுக்குச் செய்த பரிசு. வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர் இருந்தார். அவர் மகனுக்கு ஒரு மூன்று சக்கர சைக்கிள். அந்தக் காலச் சக்கரத்தில் கெட்டி ரப்பர்தான், கல் பாவிய தெருவில் ஓட்டினால் எலும்பெல்லாம் குலுங்கும். பையன் உடம்புக்கு நல்லது, சைக்கிள் ஓட்டட்டும் என்று அவர்கள் வீட்டு மருத்துவரே சொல்லியிருந்தார் என்பார்கள். டன்லப் மெல்லிய ரப்பரைக் குழாயாக ஒட்டி, காற்றடைத்து, சக்கரத்தில் சுற்றிப் பார்த்தார். 1888ல் காப்புரிமை வாங்கினார். அவருக்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே ராபர்ட் தாம்சன் என்பவர் இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தது பிறகு தெரியவந்து டன்லப்பின் உரிமை செல்லாமல் போனது வேறு கதை. தாம்சன் டயர் உருளாமல் போக, ஒரு சின்னப் பையனுக்காகச் செய்த டயர் உலகம் சுற்றியது.

சரியாக அதே சமயம், இரண்டு சக்கரமும் ஒரே அளவில் செயின் வைத்த இன்றைய வடிவ சைக்கிளும் வந்துவிட்டது. ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர், 1885. காற்று டயரும் இந்த வடிவமும் சேர்ந்ததும் 1890களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். தரை பெருக்கும் பாவாடையைச் சுருக்கினார்கள். துணைக்கு ஆள் இல்லாமல் ஊர் விட்டு ஊர் போனார்கள்.

இங்கேதான் என் துறையைப் பற்றி நான் வெட்கப்பட வேண்டிய இடம் வருது.

மருத்துவர்கள் சிலர் பெண்களைப் பயமுறுத்தக் கிளம்பினார்கள். கர்ப்பப்பைக்கு ஆகாது, நரம்பு தளரும், குழந்தை பிறக்காது. இதில் உச்சம் 'சைக்கிள் முகம்'. பேலன்ஸ் பண்ணும் பதற்றத்தில் கண் பிதுங்கி, தாடை இறுகி, முகம் அப்படியே நின்றுவிடுமாம். 1897ல் ஆர்தர் ஷாட்வெல் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைப் பற்றி ஒரு பத்திரிகையில் கட்டுரையே எழுதினார். ஆதாரம் என்று ஒன்றும் கிடையாது. மறுத்து எழுதிய மருத்துவர்களும் இருந்தார்கள், அவர்கள்தான் ஜெயித்தார்கள் என்பது ஒரு ஆறுதல். ஆனால் ஒரு தலைமுறைப் பெண்களின் காதில் இந்தப் பயத்தை ஓதியது ஸ்டெதஸ்கோப் மாட்டின ஆட்கள்.

அது ஓய்ந்துபோன பழங்கதைன்னு நினைக்காதீங்க. சரியாக 95 வருஷம் கழித்து, கீரனூர் பக்கம் எங்க கிராமத்தில் அதே வசனம் கேட்டது.

1991, 92ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்ததை நம்மில் நாற்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டீங்க. எழுத்தறிவு இயக்கம். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற பெண்கள் ஊர் ஊராகப் போக வேண்டும், பஸ்ஸை நம்ப முடியாது. அப்போ சைக்கிளையும் இயக்கத்தோடு சேர்த்துவிடுவோம் என்று முடிவெடுத்தார்கள். ஒருத்தி கற்றுக்கொண்டால் அடுத்தவளுக்குச் சொல்லித் தர வேண்டும். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் கலெக்டர் ஏற்பாடு செய்தார். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள், நர்ஸ், அங்கன்வாடி ஊழியர், பள்ளிக்கூட ஆசிரியை என்று ஏறக்குறைய ஒரு லட்சம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பதிவு செய்திருக்கிறார், அவருடைய புத்தகத்தில் இருக்கு.

எங்க அம்மா அப்போ சத்துணவு அமைப்பாளர். பள்ளிக்கூடம் எங்க ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. தவறவிட்டால் நடை. அறிவொளியில் பெயர் கொடுத்து, பொழுது சாய்ந்த பிறகு கண்மாய்க் கரையில் கற்றுக்கொண்டார். முட்டியில் சிராய்ப்போடு வந்த அம்மாவைப் பார்த்து எங்க அப்பத்தா கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. ஊரில் ஊசி போடுகிற கம்பவுண்டர் ஒருவர் இருந்தார். அவர் அப்பாவைக் கூப்பிட்டு அக்கறையாகச் சொன்னார்: "பொம்பளை சைக்கிள் மிதிச்சா கர்ப்பப்பை இறங்கிடும்ப்பா. சொல்லி வை."

அப்பா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் டிப்போவில் யாரிடமோ பேசி, 92 பொங்கலுக்கு ஒரு பழைய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அவர் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த பரிசு என்று எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

லேடீஸ் சைக்கிள் இல்லை. ஜென்ட்ஸ் சைக்கிள். அந்த மாவட்டம் முழுக்க அப்படித்தான், லேடீஸ் சைக்கிளுக்கு அவ்வளவு தட்டுப்பாடு. ஆனால் ஜென்ட்ஸ் சைக்கிளே வேண்டும் என்று கேட்டு வாங்கிய பெண்களும் உண்டு. காரணம், சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் இருக்கும் பார். அதில் பிள்ளையை உட்கார வைக்கலாம். எனக்கு அப்போ ஆறு வயசு. அந்த பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்துத்தான் அம்மா ஸ்கூலுக்குக் கூட்டிப் போனார். பின்னால் கேரியரில் கீரைக்கட்டும் எண்ணெய் கேனும். அம்மாவின் மூச்சு என் உச்சந்தலையில் படும். மேடு வந்தால் இறங்கித் தள்ளுவார், என்னை இறக்க மாட்டார்.

கர்ப்பப்பை இறங்கவில்லை. 93ல் என் தங்கை பிறந்தாள்.

பின்னாளில் அரசாங்கமே இந்தப் பரிசைக் கொடுத்தது. தமிழ்நாட்டில் 2001-02ல் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் தொடங்கி, அப்புறம் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பீகாரில் 2006ல் ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். அதைப் பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்து 2017ல் வெளியிட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண் பிள்ளைகள் 32 சதவீதம் கூடினார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். உடற்பயிற்சிக்காக யாரும் கொடுக்கவில்லை, யாரும் அதுக்காக ஓட்டவும் இல்லை. போக ஒரு இடம் இருந்தது, போய் வந்தார்கள். தினமும் உடம்பு உழைத்தது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிஷம், 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு சராசரி 60 நிமிஷம் என்கிறது. எங்க அம்மா அந்த 150ஐப் புதன்கிழமைக்குள்ள முடிச்சிருப்பாங்க.

அதனால பிள்ளைக்கு சைக்கிள் வாங்குறவங்களுக்கு: 'வளர்ந்த பிறகும் ஓட்டட்டும்'னு பெரிய சைஸ் வாங்காதீங்க. சீட்டில் உட்கார்ந்தால் கால் தரையில் படணும். நாம குரங்குப் பெடல் அடிச்சுத் தப்பிச்சோம், ரோட்டில் அப்போ இவ்வளவு வண்டி இல்லை. ஹெல்மெட்டையும் அதே நாளில் வாங்கிடுங்க. முக்கியமாக, அவன் அந்த சைக்கிளில் தனியாகப் போய் வர ஒரு இடத்தை அனுமதியுங்க. கிரவுண்டோ, பெரியப்பா வீடோ, தெருமுனைக் கடையோ. மாடியில் பூட்டி வைக்கப் போற சைக்கிளுக்கு எந்த கம்பெனியா இருந்தா என்ன?

கைக்குழந்தைக்கு 'வாக்கர்' வாங்கப் போறவங்க தயவுசெய்து நில்லுங்க. நடுவில் குழந்தையை உட்கார வைத்து வீடு முழுக்க உருள விடுவோமே, அது. அதனால் குழந்தை சீக்கிரம் நடக்காது, தாமதமாகவும் வாய்ப்பு உண்டு. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். கனடாவில் 2004லேயே விற்பனைக்குத் தடை போட்டுட்டாங்க. நம்மகிட்ட அதைவிட நல்ல சாமான் இருந்தது. நடைவண்டி. மூன்று சக்கரம், பிடித்துத் தள்ள ஒரு கட்டை. குழந்தை தன் எடையைத் தன் காலில் தாங்கணும், விழுந்தால் எழுந்திருக்கணும். பட்டினப்பாலையிலேயே சிறுவர்கள் உருட்டுகிற மூன்று கால் சிறுதேர் வருது. இரண்டாயிரம் வருஷத்துப் பரிசு. மர நடைவண்டி இன்னும் திருவிழாக் கடைகளில் கிடைக்கும். கூட ஒரு ஆள் இருந்து பார்த்துக்கணும், அவ்வளவுதான்.

ஸ்டெப்ஸ் எண்ணும் வாட்ச் பற்றி சுருக்கமா. பத்தாயிரம் அடி என்ற கணக்கு எந்த மருத்துவக் குழுவும் உட்கார்ந்து முடிவு செய்தது இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த சூட்டில், 1965ல் ஒரு ஜப்பானியக் கம்பெனி இடுப்பில் மாட்டும் கருவி ஒன்றை விற்றது. பெயர் 'மான்போ-கே'. பத்தாயிரம் அடி அளப்பான் என்று அர்த்தம். கேட்க நல்லா இருந்தது, நின்றுவிட்டது. 2019ல் ஐ-மின் லீ குழுவினர், சராசரி 72 வயதுள்ள சுமார் 17,000 அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்தபோது, நாளுக்கு 2,700 அடி நடப்பவர்களைவிட 4,400 அடி நடப்பவர்கள் இறப்பது 41 சதவீதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. அத்தைக்கு வாட்ச் வாங்கலாம். பத்தாயிரம் வரலையேன்னு அவங்க ராத்திரி பத்து மணிக்கு ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடக்க வேண்டாம்னு மட்டும் சொல்லிடுங்க.

மறுபடி அப்பாவுக்கு வர்றேன். 2018ல் ட்ரெட்மில்லைத் தெரிந்த ஜிம்முக்குக் கொடுத்துட்டு, அந்த வருஷப் பொங்கலுக்குச் செய்திருக்க வேண்டியதை தீபாவளிக்குச் செய்தேன். ஒரு ஜோடி செருப்பு.

இதுக்கும் ஒரு கதை உண்டு, இது நம்ம மண்ணுக் கதை. கொல்லிமலையில் 1914ல் பிறந்தவர் பால் பிராண்ட். மிஷனரி தம்பதியின் மகன். லண்டனில் அறுவை சிகிச்சை படித்து 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் கரைந்துபோவது நோய் சதையைத் தின்பதால் என்றுதான் அன்றைக்கு நம்பினார்கள். பிராண்ட் கவனித்துப் பார்த்துச் சொன்னார்: சதை தானாக அழியவில்லை, வலி தெரியாததால் அழிகிறது. முள் குத்தினாலும் கல் அழுத்தினாலும் தெரியாமல் அதே இடத்தை மறுபடி மறுபடி மிதிக்கிறார்கள். அப்போ மருந்தோடு சேர்த்துச் செருப்பும் சிகிச்சைதான். அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்புகிற மெத்தென்ற ரப்பர்ச் செருப்பை வேலூரிலும் கரிகிரியிலும் உருவாக்கினார்கள். இன்றைக்கு நாங்க சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதித் தர்ற எம்சிஆர் செருப்பு அந்த வழியில் வந்தது. வலி தெரியாத பாதம்தானே ரெண்டு பேருக்கும்.

வாங்குறவங்க இதைக் கவனிங்க. ஆளில்லாமல் சர்ப்ரைஸா வாங்காதீங்க. சாயங்காலம், பாதம் லேசா வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு அட்டையில் அவங்க பாதத்தை வைத்துக் கோடு போட்டு எடுத்துட்டுப் போங்க. பின்பக்கம் பட்டி இருக்கணும். கட்டைவிரல் இடுக்கில் வார் வேண்டாம். மரத்துப்போன பாதத்துக்கு சரியான அளவு லூசாகத் தெரியும். அவங்க 'இறுக்கமா கொடு'ன்னு கேட்டு வாங்கிடுவாங்க, விட்டுடாதீங்க. நெஞ்சில் பிடிப்போ மூச்சுத் திணறலோ இருப்பவங்க நடக்க ஆரம்பிக்கும் முன்னாடி டாக்டரைப் பார்த்துடணும்.

செருப்பைக் கொடுத்துட்டு, "காலையில மாமாவைப் பாக்கப் போங்கப்பா. டீயில மட்டும் சர்க்கரை வேண்டாம்" என்றேன். "வடை?" என்றார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று பேரம் முடிந்தது. கண்டக்டர் மாமாவுக்கும் ஒரு ஜோடி வாங்கினேன், பாவம் அவர் மட்டும் என்ன தப்பு பண்ணினார். அப்பாவுக்கு இப்போ 74. எச்பிஏ1சி ஏழரைக்குள்ள நிக்குது. ஐந்தரைக்குக் கிளம்பிடுறார்.

இந்த இழையை எழுத வைத்தது அவர் இல்லை, அம்மா.

போன வாரம் போனில் கேட்டேன், "பொங்கலுக்கு என்னம்மா வேணும்?" பட்டுப்புடவை, இல்லாட்டி மிக்ஸின்னு எதிர்பார்த்தேன். "ஒரு சைக்கிள் வாங்கிக் குடு. இந்தத் தடவை லேடீஸ் சைக்கிளா பாரு. கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் ஆட்டோக்காரன் அறுபது ரூவா கேக்குறான்."

அம்மாவுக்கு 61. என் வாயிலிருந்து என்ன வந்திருக்கும்னு நினைக்கிறீங்க? "இந்த வயசுல விழுந்தா இடுப்பெலும்பு முறிஞ்சிடும்மா. மாதவிடாய் நின்னதுக்கு அப்புறம் எலும்பு..." என்று கிளாஸ் எடுக்க ஆரம்பித்தேன்.

அம்மா முழுசாக் கேட்டுட்டு, "92லயும் இப்படித்தான்டா ஒருத்தர் அக்கறையா சொன்னாரு" என்றார்.

எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தாச்சு, வயசுக்குப் பரவாயில்லை. சனிக்கிழமை கடைக்குப் போறோம். சீட் தாழ்வாக, பின்னாடி கேரியர் வச்சதா வேணுமாம். ஹெல்மெட்டுக்கு இன்னும் சம்மதம் வரல, பேச்சுவார்த்தை நடந்துட்டு இருக்கு.